அச்சில் ஏறாத பாலம்

எங்கள் ஊரில் பத்திரிகையில் வராத சம்பவம் முடிவதில்லை. மறுநாள் அதே நேரத்தில் அதே இடத்தில் திரும்பவும் நடக்கும். அச்சில் வந்துவிட்டால் தீர்ந்தது, பிறகு நடக்காது. ஊருக்கு ஒரே பத்திரிகைதான், 'மாலைத் துளி'. நாலு பக்கம். அதில் ஒரு பக்கம் கண்ணீர் அஞ்சலிக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் போய்விடும். மீதி மூன்று பக்கத்துக்குள் ஊரில் நடக்கிறதையெல்லாம் முடித்துவைப்பது என் வேலை. துணை ஆசிரியர் என்று பெயர்.

பழகிவிட்டால் இதில் பெரிய சிரமம் கிடையாது. போன ஐப்பசியில் ஒரு காளை கூட்டுறவு வங்கிக்குள் நுழைந்து மேலாளர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றது. அன்று பக்கத்தில் இடமில்லை. அடுத்த நாளும் இல்லை. காளை தினமும் வந்தது. வங்கிக்காரர்கள் ஒரு கட்டு வைக்கோல் வாங்கிப் போட்டுவைத்தார்கள். இடம் கிடைத்த அன்று மூன்றாம் பக்கத்தில் போட்டேன், காளை நின்றுவிட்டது. மேலாளருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். கண்ணீர் அஞ்சலி விளம்பரத்துக்கு மட்டும் எங்கள் ஊரில் யாரும் ஒருநாள் கூடத் தாமதிப்பதில்லை. காரணம் சொல்லத் தேவையில்லை.

எது செய்தி, எது செய்தியில்லை என்பதை எங்கள் ஆசிரியர் குற்றாலிங்கம் தானாக முடிவு செய்ய மாட்டார். ஊரில் இருக்கிறவனுக்கு எல்லாமே செய்தியாகத்தான் தெரியும், தூரத்தில் இருக்கிறவன் காதை நீட்டினால்தான் அது செய்தி என்பார். அதற்காக அவருடைய மனைவியின் தம்பி சிதம்பரநாதன் மஸ்கட்டில் இருக்கிறார். தினமும் பதினோரு மணிக்கு ஆசிரியர் அவரைத் தொலைபேசியில் பிடித்து, ஒலிபெருக்கியைப் போட்டு, அன்றைய சம்பவங்களை ஒவ்வொன்றாக வாசிப்பார். செய்தியாக இருந்தால் சிதம்பரநாதன், "அப்புறம்?" என்பார். இல்லையென்றால், "அங்க மழை உண்டா?" என்பார். மூன்றாவதாக ஒரு பதில் அவரிடம் கிடையாது.

அந்த நேரத்துக்கு ஊரின் பொதுநல அமைப்புகளும் எங்கள் அலுவலகத்துப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வந்து உட்கார்ந்துவிடும். அவர்களுக்கு வேறு அளவுகோல். 'பாதசாரிகள் உரிமைப் பேரவை'யின் ஒருங்கிணைப்பாளர் ஞானதிரவியம் சார், எந்தச் சம்பவமும் "வேண்டும்" என்று முடிந்தால்தான் அதை நடந்ததாகவே ஒத்துக்கொள்வார். தேங்காய் ஒருவர் தலையில் விழுந்தால், "இதுல நாம யார்கிட்ட என்ன கேக்கோம்?" என்பார். கேட்பதற்கு ஆள் இல்லையென்றால் தேங்காய் விழவில்லை. இன்னொரு விதியும் உண்டு.

"ஒரு ஆளைச் சொன்னா அது அந்த ஆளோட பிரச்சினை. பொதுமக்கள்னு சொன்னாத்தான் பிரச்சினை" என்பார்.

ஆகவே அவர் வழியாக வருகிற எந்த அறிக்கையிலும் ஆள் இருக்காது. அவர் நல்லவர். வெயிலில் குடையில்லாமல் நின்று கோஷம் போடுவார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கார்த்திகையில் ஒருநாள் காலை, தச்சர் தெருவையும் பெரிய ரோட்டையும் சேர்க்கிற சிறுபாலம் இடிந்தது. கீழே தெற்குக் கால்வாய். இடுப்பளவு தண்ணீர். பேரவையின் அறிக்கை பத்தரைக்கெல்லாம் வந்துவிட்டது. 'சிறுபாலம் இடிந்து பொதுமக்கள் அவதி. உடனடியாகச் சீரமைக்க வேண்டும்.' ஆசிரியர் அதை மஸ்கட்டுக்கு வாசித்தார்.

"யாரு அத்தான் விழுந்தா?" என்றார் சிதம்பரநாதன்.

"பொதுமக்கள்."

"சரித்தான். அங்க மழை உண்டா?"

அதோடு அது போயிற்று. மறுநாள் விடிந்தபோது பாலம் பழையபடி நின்றது. ஒன்பதரைக்கு மறுபடி இடிந்தது. பேரவை மறுபடி அறிக்கை கொண்டுவந்தது. ஆசிரியர் அதைத் தொடவே இல்லை.

"நேத்தும் நடந்தது, இன்னிக்கும் நடக்கு. இது செய்தி இல்ல வே, வழக்கம்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. முதல்நாள் வராத சம்பவம் இப்படித்தான் வழக்கமாகிவிடும், வழக்கமாகிவிட்டால் அப்புறம் வரவே வராது. ஊரில் அப்படிச் சில விஷயங்கள் பல வருஷமாக நடந்துகொண்டிருக்கின்றன.

அந்த வாரக் கடைசியில் ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தார். பட்டுச்சேலை, இடுப்புவரை ஈரம், வலது முழங்கையில் சிராய்ப்பு. எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிற அமலோற்பவம் டீச்சர். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். சேலை நாற்காலியை நனைத்துவிடும் என்று பார்த்திருப்பார்.

"அண்ணாச்சி, அந்தப் பாலத்துல விழுதது நான்தான்."

"நீங்க மட்டுமா?"

"நான் மட்டுந்தான். அன்னிக்கு எனக்குக் கல்யாணம். பத்து மணிக்குப் பதிவு ஆபீஸ். அவுக வந்து பெஞ்சுல உக்காந்துக்கிட்டு இருக்காக. நான் தினமும் கிளம்புதேன், தினமும் விழுதேன். எந்திரிச்சுப் போறதுக்குள்ள நேரம் தாண்டிப்போகுது."

மாப்பிள்ளை ஆவுடையப்பன், பால் கூட்டுறவு சங்கத்தில் வேலை. வேறு மதம் என்பதால் கோவிலும் இல்லை, சர்ச்சும் இல்லை, பதிவு அலுவலகம்தான். அவருடைய தாய்மாமன் கல்யாணத்தைத் தடுப்பதற்காகத் தினமும் அங்கே வந்து, தடுப்பதற்குக் கல்யாணம் இல்லாமல் திரும்பிக்கொண்டிருந்தார்.

"வேற வழியா போய்ப் பாத்தீங்களா?" என்றேன்.

"போனேன். கோவில் தெரு வழியா சுத்திப் போனா பாலமும் கோவில் தெருவுக்கு வந்துருது."

அது சரிதான். சம்பவத்தில் அவர் இருந்தாக வேண்டும், பாலத்துக்கு வேறு வழியில்லை.

"பதிவு ஆபீஸ்ல கல்யாண அறிவிப்புக் குடுத்து நாளாகுது அண்ணாச்சி. இந்தத் தையோட அது செல்லாமப் போயிரும். பெறகு முதல்ல இருந்து எழுதிக்கொடுத்து, அவுக வீட்டுல மறுபடி ஒரு ரகளை நடந்து... அதை என்னால தாங்க முடியாது. தயவுசெஞ்சு போட்டு முடிச்சுவிடுங்க."

நான் பேனாவை எடுத்தேன். கல்யாணத்துக்குப் போகிற பெண் கால்வாயில் விழுந்தார் என்றால் மஸ்கட் நாற்காலியை விட்டு எழுந்துவிடும். அவர் என் கையைப் பார்த்துவிட்டார்.

"கல்யாணத்தைப் போட்டுராதீங்க. போட்டா அதும் முடிஞ்சுரும்லா."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். கல்யாணத்தைச் சொன்னால் கல்யாணம் போய்விடும். சொல்லாவிட்டால் மிச்சம் இருப்பது பொதுமக்கள். ஞானதிரவியம் சாரும் பக்கத்தில் இருந்து ஆமோதித்தார். கல்யாணம் தனிப்பட்ட விஷயம், கோரிக்கையை நீர்த்துப்போக வைக்கும் என்றார். டீச்சர் சேலையைப் பிழிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் பேரவை சும்மா இருக்கவில்லை. கால்வாய்க் கரையில் மனிதச் சங்கிலி நடத்தினார்கள். பதாகை, தொப்பி, கேமராவைப் பார்த்து அரைவட்டமாக நிற்பது எல்லாம் முறைப்படி நடந்தது. "முப்பது பேர் கை கோத்து நிக்காங்க" என்று வாசித்ததும் மஸ்கட், "அப்புறம்?" என்றது. முதல் பக்கத்தில் படத்தோடு போட்டோம். மனிதச் சங்கிலி முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு பேரவையினர் கை கோக்க முயன்றால் விரல்கள் வழுக்கிக்கொண்டு போயின.

அடுத்து கவுன்சிலர் பாலத்தைப் பார்வையிட்டார். போட்டோம். அவர் பார்வையிடுவது முடிந்தது. இப்போது அந்தப் பக்கம் போனால் அவர் கண்ணுக்குப் பாலம் தெரிவதில்லை என்கிறார்கள். பொறியாளர் ஆய்வு செய்தார், போட்டோம், ஆய்வு முடிந்தது. சுற்றுச்சூழல் மன்றம் கரையில் மரக்கன்று நட்டது, போட்டோம், அதோடு அங்கே எதுவும் முளைக்கவில்லை. தையல் சங்கப் பெண்கள் டீச்சருக்கு ஆறுதல் சொன்னார்கள். அதையும் போட்டோம். அன்றிலிருந்து அவருக்கு யாரும் ஆறுதல் சொல்லவில்லை. கால்வாய்க் கரையில் நடக்கக்கூடிய எல்லாம் நடந்து முடிந்துவிட்டது, அவர் விழுவதைத் தவிர.

மார்கழி பாதி தாண்டியதும் டீச்சர் மறுபடி வந்தார். இந்தத் தடவை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவுக நேத்து ஒண்ணு கேட்டுட்டாக அண்ணாச்சி."

"என்ன கேட்டார்?"

"நீ வேணும்னே விழுதியோன்னு."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நாற்காலியைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் போனார். இத்தனை நாளாக அந்தப் பாலத்தைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறேன், ஒருநாள் கூடப் போய்ப் பார்த்ததில்லை. எங்கள் வழக்கம் அப்படி. செய்திதான் அலுவலகத்துக்கு வரும்.

மறுநாள் ஒன்பதேகாலுக்கே போய்க் கரையில் நின்றேன். டீச்சர் தச்சர் தெருவிலிருந்து வந்தார். மாம்பழ நிறப் பட்டு. ஒரு கையில் கைப்பை, ஒரு கையில் வாழையிலையில் சுற்றிய மல்லிகைப்பூ. என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் பாலத்தில் கால் வைத்தார். பாலம் இடிந்தது. அவர் விழுந்தார். கைப்பை தண்ணீருக்குள் போயிற்று. பூ இருந்த கை மட்டும் மேலேயே நின்றது. இடுப்பளவுத் தண்ணீரில் முட்டிபோட்டு, இன்னொரு கையால் கல்லைத் தடவிப் பிடித்து எழுந்து கரையேறுகிறவரைக்கும் அந்தக் கையை அவர் இறக்கவே இல்லை. கார்த்திகையிலிருந்து தினமும் விழுகிறவர், இன்றைக்காவது போய்ச் சேர்ந்துவிடுவோம் என்றுதான் தினமும் பூவைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்.

அலுவலகத்துக்கு வந்தபோது ஆசிரியருக்குத் தொண்டை கட்டியிருந்தது. மிளகுப்பால் தம்ளரை வைத்துக்கொண்டு, நீ பேசு என்று என்னிடம் கை காட்டினார். மஸ்கட் வந்தது. காய்கறிச் சந்தை, ரத்ததான முகாம் எல்லாவற்றுக்கும் மழை உண்டா என்று கேட்டாகிவிட்டது. நான் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

"இன்னிக்குக் காலையில அமலோற்பவம் டீச்சர் பாலம் இடிஞ்சு கால்வாய்ல விழுந்துட்டாங்க."

ஆசிரியர் தம்ளரை ஆட்டினார். 'வழக்கம், வழக்கம்' என்று வாயசைத்தார். சத்தம் வரவில்லை. ஞானதிரவியம் சார் 'பொதுமக்கள்' என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி என் முன்னால் நீட்டினார்.

"எந்த டீச்சரு?" என்றார் சிதம்பரநாதன்.

"கணக்கு டீச்சர். பட்டுச்சேலையில."

"பட்டுச்சேலையிலயா? எங்க போனாங்க?"

நான் கொஞ்சம் யோசித்தேன். "ஓரிடத்துக்கு."

தொலைபேசி கரகரத்தது. மழையைப் பற்றிக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"கையில பூ வச்சிருந்தாங்க. விழுந்தும் அந்தக் கையை இறக்கலை. பூ மட்டும் நனையலை" என்றேன்.

மஸ்கட்டில் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"அப்புறம்?" என்றார் சிதம்பரநாதன்.

விதி விதிதான். ஆசிரியர் தம்ளரை மேஜையில் வைத்துவிட்டு ஒத்துக்கொண்டார். ஞானதிரவியம் சார், இதில் கோரிக்கையே இல்லையே என்று கடைசிவரை வருத்தப்பட்டார். அன்று மாலை இரண்டாம் பக்கத்தில் வந்தது. 'பட்டுச்சேலையில் ஓரிடத்துக்குச் சென்ற ஆசிரியை அமலோற்பவம், தச்சர் தெரு சிறுபாலம் இடிந்து கால்வாயில் விழுந்தார். கையில் இருந்த பூ நனையவில்லை.' அவ்வளவுதான். கல்யாணம் என்ற சொல்லை எங்கும் சேர்க்கவில்லை என்பதை அச்சுக்கோப்பவரோடு உட்கார்ந்து மூன்று தடவை சரிபார்த்தேன்.

மறுநாள் பாலம் இடியவில்லை. ஆனால் டீச்சரும் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பட்டுச்சேலையில் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"கால் எடுத்து வைக்க முடியல அண்ணாச்சி. ஓரிடத்துக்குப் போனதாப் போட்டுட்டீங்கள்லா."

ஆமாம். போனது அச்சில் வந்துவிட்டது. அவர் ஓரிடத்துக்குப் போவது முடிந்துவிட்டது. எல்லா இடமும் ஓரிடம்தான் என்பதால் பள்ளிக்கூடத்துக்கும் போக முடியவில்லை, கடைக்கும் போக முடியவில்லை. இனி அவர் எங்கேயும் போக முடியாது, மற்றவர்கள்தான் அவரிடம் வர வேண்டும். நான் தலையைச் சொறிந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை.

"போதும். இத்தனை நாள் போனதே போதும். இனி அவுகளை வரச்சொல்லுங்க" என்றார்.

நான் பதிவு அலுவலகத்துக்கு ஓடினேன். பெஞ்சில் ஆவுடையப்பனும், அவருக்குப் பக்கத்தில் தடுக்க வந்த தாய்மாமனும் உட்கார்ந்து ஒரே பொட்டலத்தில் கடலை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தினமும் ஒரே பெஞ்சில் காத்திருந்தால் அப்படித்தான் ஆகும். விஷயத்தைச் சொன்னேன். பதிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அலுவலகத்தை விட்டுத் தான் வெளியே வருவதற்கு விதியில் இடமில்லை, அலுவலகம் வருவதற்குத் தடை ஒன்றும் இல்லை என்றார். அது வாடகைக் கட்டடம்தான். அதனால் ஒரு இடத்தில் ஊன்றி இருக்கவேண்டிய கட்டாயமும் அதற்குக் கிடையாது.

கட்டடம் பெரிய ரோட்டைத் தாண்டி மெதுவாக வந்தது. முன்னால் ஆவுடையப்பன் நடந்தார். பின்னால் தாய்மாமன், படிக்கட்டு யார் காலிலும் இடித்துவிடாமல் பார்த்துக்கொண்டு வந்தார். சிறுபாலத்தின் மேல் ஏறும்போது ஞானதிரவியம் சார் உட்பட எல்லோரும் கரையில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மாடி உள்ள கட்டடம். உள்ளே பழைய பீரோக்கள் வேறு. பாலம் ஒரு சத்தமும் போடவில்லை. இடிவது அச்சில் முடிந்துவிட்டபடியால் அது இனி எதையும் தாங்கக் கடமைப்பட்டிருந்தது.

டீச்சர் வாசற்படியிலேயே நின்றார். அலுவலகம் அவருக்கு எதிரில் வந்து நின்று கதவைத் திறந்தது. அந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. வாழையிலைக்குள் இருந்த மல்லிகை நன்றாக நனைந்தது. பூ நனையாமல் இருப்பதும் அச்சில் முடிந்துபோன விஷயம். அதற்கு நான்தான் பொறுப்பு, ஆனாலும் யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஆவுடையப்பன் அவர் சேலையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"விழலையா?" என்றார்.

"விழல" என்றார் டீச்சர்.

அவ்வளவுதான் பேசினார்கள். ஆவுடையப்பன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நானும் ஞானதிரவியம் சாரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். மூன்றாவது சாட்சியாக வரவேண்டிய நண்பர் எப்போதோ சலித்துப்போய் வராமல் நின்றுவிட்டார். எல்லோரும் தாய்மாமனைப் பார்த்தார்கள். அவர் கடலைத்தோலைச் சட்டையிலிருந்து தட்டிவிட்டு, "பேனாவைக் குடு" என்றார். என் கண் நிறைந்துவிட்டது. மழைதான் என்று சொல்லலாம், ஆனால் மழையில்லை.

பதினோரு மணிக்குப் பத்திரிகை அலுவலகத்தில் மஸ்கட் காத்திருந்தது. அன்றைக்கு எந்தச் சம்பவத்தையும் சிதம்பரநாதன் காதில் வாங்கவில்லை.

"அந்த டீச்சருக்கு அப்புறம் என்ன ஆச்சு?"

ஆசிரியர் என்னைப் பார்த்தார். ஞானதிரவியம் சார், 'பாலத்தின் உறுதி நிரூபணம், பேரவை வரவேற்பு' என்று எழுதிக்கொண்டு வந்திருந்த அறிக்கையை எடுத்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் நல்லவர் என்று முன்னமே சொல்லியிருக்கிறேன்.

"அப்புறம் ஒண்ணுமில்ல. இங்க நல்ல மழை" என்றேன்.

சிதம்பரநாதனுக்கு அது போதுமாக இருந்தது.

கல்யாணத்தை நாங்கள் இன்றுவரை போடவில்லை. ஆகவே அது தினமும் நடக்கிறது. மாலையில் இருவரும் புருஷன் பெண்டாட்டியாக உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்கள். விடிந்தால் ஆவுடையப்பன் தன் வீட்டிலிருந்து முகச்சவரம் செய்துகொண்டு கிளம்புகிறார், பதிவு அலுவலகம் பெரிய ரோட்டைத் தாண்டுகிறது, "விழலையா?" என்று கேட்கிறார், "விழல" என்கிறார் டீச்சர். தாய்மாமன் தடுக்கத்தான் வருகிறார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். பத்தாம் வகுப்பு மாணவர்கள் கணக்கு நோட்டோடு மதியத்துக்கு மேல் டீச்சர் வீட்டுக்கு வருகிறார்கள். நான் தினமும் லட்டு சாப்பிடுகிறேன், கண் தினமும் நிறைகிறது.

மழையும் தினமும் உண்டு. கல்யாண நேரத்துக்குச் சரியாகப் பிடித்து, அலுவலகம் திரும்பிப் போகிறவரை பெய்கிறது. மனிதர்கள் குடை கொண்டுவந்துவிடுகிறோம். பதிவு அலுவலகம்தான் நனைந்துகொண்டே போகிறது, இரண்டு நாளாக அதற்குத் தும்மல். அதன் அளவுக்கு ஒரு குடை வேண்டும் என்று பேரவை கோரிக்கை வைத்திருக்கிறது. அதைச் செய்தியாகப் போடவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டிருக்கிறது.